இரண்டு டப்பா ரத்தம்

கால்நடை மருத்துவம் படிக்கப் போவதற்கு வெகு காலம் முன்பே, நாய்க்குட்டியைத் தூக்கி ஆணா பெண்ணா என்று பார்க்க எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெண் என்றால் பெயர் வைக்கலாம். ஆண் என்றால் வைக்கக் கூடாது, ஏனென்றால் அது மூன்று மாதம் தாண்டாது. ஒருநாள் காலையில் கருவாட்டு வாடையோடு வாயில் நுரை தள்ளிக் கிடக்கும். விஷம் தடவிய கருவாட்டை யார் போட்டது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குழி தோண்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் கம்பும் போடுகிற கரிசல் காடு. ஊரில் காடு வைத்திருக்கிறவர்கள் ஒரு பக்கம், அந்தக் காட்டில் வேலை பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். நாங்கள் இரண்டாவது பக்கம். இப்போது எங்கள் தெருவில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் குறைவு. மில்லுக்குப் போகிறார்கள், கட்டட வேலைக்குப் போகிறார்கள், ஒருவர் போலீஸில்கூட இருக்கிறார். என் அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார், அருப்புக்கோட்டையிலிருந்து நூல் மூட்டையும் சேலைக் கட்டும் ஏற்றிக்கொண்டு. நான் டாக்டர். ஆனாலும் எங்கள் தெருவில் ஆண் நாய் வளர்க்கக் கூடாது. எங்கள் கடுவன் நாய், காடு வைத்திருக்கிறவர்கள் வீட்டுப் பெட்டை நாயிடம் போய்விடுமாம். மனிதர்களுக்குப் போட்ட வேலியை நாய்க்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "அப்படியெல்லாம் யாரு சொன்னா?" என்று சிரிப்பார்கள். கருவாடு மட்டும் வந்து விழும்.

நான் பார்க்கிற வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாயின் ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களை வகை பிரித்து எண்ணுவது என் ஆராய்ச்சி. வெறும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அதில் பல அணுக்கள் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் மேற்புறத்தில் தனி அடையாளம் உண்டு. அந்த அடையாளத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடியை, ஒளிரும் சாயம் ஏற்றிச் சின்னப் புட்டிகளில் விற்கிறார்கள். அதை ரத்தத்தில் சேர்த்து மெஷினில் விட்டால், அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் வெளிச்சத்தைத் தாண்டிப் போகும். எந்த நிறத்தில் மின்னுகிறதோ அதை வைத்து, இது பி செல், இது டி செல் என்று எண்ணிக்கொள்ளலாம். எடுத்த ரத்தத்தை ஒரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் அணுக்கள் செத்து, மெஷின் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

மனிதனுக்கும் எலிக்கும் இந்தப் புட்டிகள் எத்தனையோ கிடைக்கின்றன. நாய்க்கு விரல் விட்டு எண்ணலாம். மனிதனுக்குச் செய்தது பெரும்பாலும் நாயின் அணுவில் ஒட்டாது. ஒட்டினாலும் மனிதனைப் போல அர்த்தம் பண்ணிவிட முடியாது. மனிதனில் டி செல்லில் ஒரு வகைக்கு அடையாளமாக வைத்திருக்கும் ஒன்று, நாயில் சீழ் பிடித்த இடத்துக்கு முதலில் ஓடுகிற சாதாரண வெள்ளையணுவிலும் இருக்கும். முதல் வருடம் இது தெரியாமல் எங்கள் வீட்டு நாயின் ரத்தத்தை ஓட்டிப் பார்த்து, ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து லேபிலேயே உட்கார்ந்து அழுதேன். கூட வேலை பார்க்கும் தோழி, "நாய நாயாப் பாருடி" என்று தலையில் தட்டினாள்.

எங்கள் வீட்டு நாய் ஆண் நாய். நான்கு வருடத்துக்கு முன்னால் பாளையம்பட்டியில் ஒரு கடை வாசலில் அப்பா வண்டியை நிறுத்தியபோது, டயர் நிழலில் வந்து படுத்துக்கொண்ட குட்டி. செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆகாது, கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்றாள். எந்த வம்புக்கும் போகாத அப்பா, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசையவில்லை. பகலெல்லாம் வண்டியில் தன் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்தால் உள்ளே கட்டினார். வெளியாள் கையால் எதுவும் தின்னாமல் பழக்கினார். டீக்கடையில் யாராவது "யாரு நாய்ப்பா இது?" என்று கேட்டால், கேட்பதற்காகவே காத்திருந்தவர்போல, "என் நாயி" என்பார்.

போன கோடையில் நான் லீவுக்கு வந்திருந்தபோது பெரிய வீட்டுக்காரர் எங்கள் தெரு முனையில் பைக்கை நிறுத்தினார். ஊரில் காடு அதிகம் உள்ளவர் அவர்தான். அவர் வீட்டில் தலைமுறையாகக் கன்னி என்கிற ஜாதி வேட்டை நாய் வளர்க்கிறார்கள். கறுப்பாக, இடுப்பு ஒட்டி, ஓடத் தயாரான மாதிரியே நிற்கும். குட்டிகளை விற்க மாட்டார்கள், கொடுப்பார்கள். யாருக்குக் கொடுப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஏலே!" என்று அப்பாவைக் கூப்பிட்டார். ஏலே என்பது எங்கள் பக்கம் கூட்டாளிகள் கூப்பிட்டுக்கொள்வது. அப்பா அவருக்கு ஏழு வயது மூத்தவர், கூட்டாளியும் இல்லை.

"எங்க கன்னிக்குக் கழுத்தெல்லாம் கட்டி கட்டியா எந்திரிச்சிருக்கு. ஒன் கடுவன்தான் வந்து ஒட்டிவிட்டுட்டுப் போயிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள அத ஒரு வழி பண்ணு. இல்லைன்னா நாங்க பண்ணிக்கிறோம்."

"அது எங்கயும் போறதில்லைங்கய்யா. எங்கூட வண்டியிலயே கெடக்கும்" என்றார் அப்பா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் தெருவில் எல்லோரும் அவரை அய்யா என்பார்கள். நான் சார் என்றேன். "சார், என்ன நோய்னு தெரியாம ஒரு நாயைக் குத்தம் சொன்னா எப்படி? கட்டியில ஊசி வச்சு எடுத்து, லேப்ல பாத்தாத் தெரிஞ்சிரும். நான் பாத்துச் சொல்றேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, டாக்டருக்குப் படிச்ச பிள்ளையா. சரி, பாத்துச் சொல்லு. ஒங்க நாயால வரலைன்னா நான் ஏன் அதத் தொடப் போறேன்?"

அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் நாய் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் நான் கொண்டுவர வேண்டியது ஒரு காகிதம். அது என் தொழில். அவ்வளவுதானே என்று நினைத்தேன். இத்தனை படித்தும் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மறுநாள் காலையில் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். "தொழுவத்துல வச்சு எடுத்துக்கம்மா" என்றார்கள். கன்னி நாய் ஹாலிலிருந்து எழுந்து வந்தது. அந்த ஹாலில் எங்கள் தெருக்காரர் எவரும் கால் வைத்ததில்லை. நாய்க்கு அங்கே பாயும் மின்விசிறியும் இருந்தன. எனக்கு ஆட்டுப் புழுக்கை நடுவில் ஒரு சாக்கு போட்டார்கள். ஒருமுறை எழுந்து வந்துவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அந்த நாய் என்ன பாவம் பண்ணியது? தாடைக்குக் கீழேயும் தோளுக்கு முன்னாலும் முழங்காலுக்குப் பின்னாலும் எலுமிச்சங்காய் அளவு கட்டிகள். ஊசி குத்தும்போதுகூட முனகாமல் என் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது. கட்டிகளைத் தொட்டதுமே என்னவாக இருக்கும் என்று எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. பாதியை வைத்து நாயைக் காப்பாற்ற முடியாது.

கட்டியில் எடுத்ததை ஒரு குழாயிலும், ரத்தத்தை இன்னொரு குழாயிலும் விட்டு, தெர்மாகோல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஏற்கெனவே ஒரு குழாய் இருந்தது. அதைப் பார்த்துவிட்டார்.

"அது என்னது?"

"எங்க நாயோட ரத்தம் சார். நல்லா இருக்கிற நாயோடத பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் சீக்கு நாயோடது புரியும். ரெண்டும் ஒரே வெயில்ல, ஒரே பஸ்ஸுல போகணும். அப்பத்தான் வழியில கெட்டதா, நோயினால கெட்டதான்னு சொல்ல முடியும்."

"ரெண்டையும் ஒண்ணாக் கலக்கப் போறியா?"

"கலக்க மாட்டேன் சார். குழாய் மூடித்தான இருக்கு."

"இருந்தாலும்" என்றார். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி ஓர் எவர்சில்வர் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து கீழே வைத்தார். "எங்களத இதுல வச்சுக்க. அதோட சேத்து வைக்காத. டப்பாவ நீயே வச்சுக்கம்மா, திருப்பித் தர வேணாம்."

டீக்கடையில் இரண்டு டம்ளர் இருந்ததைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ரத்தத்துக்கு இரண்டு டப்பாவை அன்றைக்குத்தான் பார்த்தேன். காது மடல் சுட்டது. அந்த டப்பாவைத் தூக்கித் தொழுவத்துக்கு மேலே எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த "சரிங்க"வை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

அருப்புக்கோட்டை வந்து பஸ் மாறினேன். வெயிலில் அந்த எவர்சில்வர் டப்பா மடியில் கொதித்தது. அணுக்களை அவித்து எடுக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. பாளையம்பட்டி தாண்டியதும் அதைத் திறந்து, இரண்டு குழாய்களையும் எடுத்து, தெர்மாகோல் பெட்டிக்குள் எங்கள் நாயின் குழாயோடு ஒட்டி வைத்தேன். நன்றாக ஒட்டியே வைத்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மீனா?" என்றார். ஆமாம் என்றேன்.

கல்லூரி லேபில் எல்லாம் ஒரே தட்டில், அடுத்தடுத்த குழியில். ஒரே புட்டியிலிருந்து ஒரே ஆன்டிபாடி. அந்த ஆன்டிபாடிகூட நாயிடமிருந்து வந்தது இல்லை. நாயின் அணுவை எலிக்குப் போட்டு, எலியின் உடம்பு அதை எதிர்த்து உண்டாக்கியதிலிருந்து வழி வழியாக எடுப்பது. தன் கன்னியின் ரத்தத்தில் எலியின் சரக்கைச் சேர்க்கிறோம் என்று தெரிந்திருந்தால் மனிதர் மூன்றாவது டப்பா கேட்டிருப்பார். இதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன், அன்றைக்கு அந்த ஒரு தடவைதான் சிரித்தேன்.

எங்கள் நாயின் ரத்தம் அழகாக வந்தது. பி செல் ஒரு பக்கம், டி செல் ஒரு பக்கம், எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. ஆன்டிபாடி நன்றாக ஒட்டியிருக்கிறது, வழியில் எதுவும் கெடவில்லை என்று அது சாட்சி சொல்லிவிட்டது. அடுத்தது கன்னியின் கட்டியிலிருந்து எடுத்தது. திரையில் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் அப்பிக்கொண்டு வந்தன. பெரிய பெரிய பி செல். டி செல் பேருக்கு ஓரமாகக் கொஞ்சம். நிணநீர்ப் புற்று. எந்த நாயும் எந்த நாய்க்கும் ஒட்டிவிடக் கூடியது இல்லை. அது தானாக வந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலையிலேயே ஊருக்கு வந்தேன். அப்பா வண்டி எடுக்காமல் எனக்காகக் காத்திருந்தார். அவரையும் கூட்டிக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனேன். கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. புற்று என்று சொன்னதும் மனிதரின் முகம் இருண்டுவிட்டது. நாயின் தலையைத் தொடையில் இழுத்து வைத்துக்கொண்டார். "பொழச்சிக்கிருமா?" என்று கேட்டபோது குரல் உடைந்து அழுதுவிட்டார். முழுக்கக் குணமாகாது, வாரம் ஒரு ஊசியும் மாத்திரையும் கொடுத்தால் கட்டி வற்றிச் சில மாதமாவது நன்றாக இருக்கும் என்றேன். நானே சனிக்கிழமை தோறும் வந்து போடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் அழுததைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கம் வந்ததில்கூட எனக்குக் கோபம்தான்.

"இது தொத்து இல்ல சார். எங்க நாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று காகிதத்தை நீட்டினேன்.

அதை வாங்கினார். படிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீ சொன்னாச் சரிதாம்மா. நோயி அதுனால வரல. ஆனாலும் கடுவன் கடுவன்தான? ஊருக்குன்னு ஒரு மொற இருக்குல்ல. இன்னைக்கு நான் விட்டா நாளைக்கு நாலு பேரு என்னயக் கேப்பான்." பிறகு, பெரிய மனது பண்ணுகிறவர்போல, "ஒண்ணு செய்யி. நீதான் டாக்டராச்சே. நீயே அதுக்குக் காயடிச்சு விட்டுரு. அப்புறம் வச்சுக்கங்க. நானும் ஊருல பேசிக்கிறேன்."

நான் நூற்றுக்கணக்கான நாய்களுக்கு அந்த ஆபரேஷனைச் செய்திருக்கிறேன். செய்யச் சொல்லி ஆட்களுக்குப் புத்திமதி சொல்கிறவளும் நான்தான். ஆனால் எந்த நாய்க்கும் அதன் சொந்தக்காரன் தெருவைப் பார்த்துச் செய்ததில்லை. அப்பா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். "செஞ்சிரு தாயி. உசுராவது கெடக்கும்" என்றார். பெரிய வீட்டுக்காரரின் கேள்விக்கு விடை என்று நினைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் காத்து நான் கொண்டுவந்தது எதுவும் அவர் கேட்ட கேள்விக்கு விடையே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கோபத்தில் வாயில் பொய் வந்தது. "அது எங்கப்பா நாயே இல்ல சார். காலேஜ் நாயி. கவர்மெண்டு ஆராய்ச்சிக்கு விட்டிருக்கு, நம்பர் இருக்கு. ஒங்க நாய்க்கு வைத்தியம் பாக்கிற வரைக்கும் வாராவாரம் அதோட ரத்தம் வேணும். காயடிச்சாலும் கணக்கு மாறிப் போயிரும், செத்தாலும் என்னயத்தான் கேப்பாக."

"கவர்மெண்டு நாயா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானம்மா!"

தலைமுறை தலைமுறையாக வந்த முறை அரை நிமிடத்தில் போய்விட்டது. எங்கள் தெருவில் ஆண் நாய் இருக்கலாம், எங்களுடையதாக இல்லாமல் இருந்தால். வீட்டுக்கு வந்து, கல்லூரி நாய்களுக்குக் கட்டுகிற அலுமினிய வில்லை ஒன்றைப் பையிலிருந்து தேடி எடுத்து, எங்கள் நாயின் கழுத்தில் மாட்டினேன். பதினொன்று என்று எண் போட்டிருந்தது. நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அம்மாகூடச் சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு வருசமா கேக்கிறவுககிட்ட எல்லாம் என் நாயின்னு சொன்னேன் தாயி. அப்படிச் சொல்றதுக்குத்தான் வளத்ததே" என்றார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை ஊசி போடப் போனேன். அப்பா பின்னால் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். இந்த முறை நான் தொழுவத்துக்குப் போகவில்லை, கார் நிற்கிற இடத்திலேயே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். ஒருவரும் எழுப்பவில்லை. பெரிய வீட்டுக்காரர் கன்னியின் முன்காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "என்னலே, கவர்மெண்டு நாயக் கூட்டிட்டு வந்துட்டியா?" என்றார்.

"இல்லைங்கய்யா" என்றார் அப்பா. "இது என் நாயி."

திரும்பிப் பார்த்தேன். நாயின் கழுத்தில் வில்லை இல்லை. மருந்து ஏற்றிய ஊசி என் வலது கையில். கன்னியின் கால் அவர் கையில். அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு ஊசியைப் பார்த்தார். வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அது நியாயத்துக்காக மூடிய வாய் இல்லை, ஊசிக்காக மூடியது. அதுவும் எனக்குத் தெரியும்.

மருந்தை ஏற்றினேன். கன்னியின் ரத்தத்தை எடுத்தேன். அப்பா தன் நாயின் காலை நீட்டிப் பிடித்தார், அதன் ரத்தத்தையும் எடுத்தேன். இரண்டு குழாய்களையும் எல்லோரும் பார்க்க ஒரே பெட்டியில் வைத்து மூடினேன். யாரும் டிபன் டப்பா கொண்டுவரவில்லை.

இப்போது மாதங்கள் ஆகின்றன. சனிக்கிழமை தோறும் போகிறேன். கன்னி நாய் நன்றாகத் தின்கிறது, ஓடுகிறது. ஆனால் இந்தப் புற்று பெரும்பாலும் திரும்பி வரும். வந்தால் அப்புறம் என் ஊசிக்கு அந்த வீட்டில் வேலை இருக்காது. இரண்டு வாரமாகத் தாடைக்குக் கீழே ஒரு சின்ன நெருடல் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. விரலை எடுத்ததும் பெரிய வீட்டுக்காரர், "கட்டி வந்துருச்சாம்மா?" என்று என் முகத்தையே பார்த்துக் கேட்கிறார். இல்லை சார் என்கிறேன். அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வருகிறேன். அப்பா வாசலில் நாயின் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"கட்டி வந்துருச்சா தாயி?" என்று அவரும் அதையேதான் கேட்கிறார்.